கட்டிடம் முழுவதற்கும் ஈரம் நீக்கும் இயந்திரம் தேவையா?

ஐப்பசி பிறந்துவிட்டால் கடலோர ஊர்களில் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரே பேச்சுத்தான். உப்பு மூட்டை கசிகிறது, வெல்லம் இளகி ஒழுகுகிறது, அப்பளக் கட்டு நமுத்துவிட்டது, மிளகாய் மூட்டையில் பூசணம். சென்னை முதல் கன்னியாகுமரி வரை இந்தப் பேச்சில் ஊர் வித்தியாசம் கிடையாது. இதற்கு மருந்து என்று சொல்லிக்கொண்டு, டீஹியூமிடிஃபையர் எனப்படும் ஈரம் நீக்கும் இயந்திரத்தை விற்பவர்கள் இப்போது கடைத்தெருவுக்கும் வரத் தொடங்கியிருக்கிறார்கள். ஓர் அறைக்கு வைக்கும் சிறிய இயந்திரம் மட்டுமல்ல. முன்னால் கடை, பின்னால் கிடங்கு, மேலே குடியிருப்பு என்றிருக்கும் கட்டிடம் முழுவதற்கும் குழாய் போட்டு, ஒரே இயந்திரத்தால் காற்றை உலர்த்தித் தருகிறோம் என்றும் சொல்கிறார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது.

நமது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இயந்திரம் பொய்யல்ல, சொன்ன வேலையைச் செய்யும். ஆனால் கடையும் வீடும் ஒன்றாக உள்ள நம் கட்டிடங்களுக்கு, கட்டிடம் முழுவதற்குமான ஏற்பாடு பொருந்தாது. பணவிரயம் மட்டுமல்ல, ஆபத்தும்கூட. அதே பணத்தில் ஒரு சிறு பங்கைச் செலவிட்டு ஓர் அறையை மட்டும் உலர்ந்த அறையாக வைத்துக்கொள்வது, சரக்கைப் பொறுத்து, பலருக்கு லாபமாக இருக்கும். ஏன் இப்படிச் சொல்கிறோம் என்பதைக் கணக்கோடு பார்ப்போம். வியாபாரிக்குக் கணக்குத்தானே பேச வேண்டும்.

28 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 27 கிராம் நீராவியைத் தாங்கும். மழைக்காலத்தில் காற்றின் ஈரப்பதம் 85 சதவீதம் என்று சொன்னால், அதில் 23 கிராம் இருக்கிறது என்று பொருள். இரவில் வெப்பம் 24 டிகிரிக்கு இறங்கினால் அதே காற்று 22 கிராமுக்கு மேல் தாங்காது. மிச்சம் எங்கே போகும்? தகரக் கூரையின் உட்புறத்திலும், சிமெண்டுத் தரையிலும், சுவரை ஒட்டி அடுக்கிய மூட்டையிலும் முத்து முத்தாக இறங்கும். கூரை ஒழுகுகிறது என்று கொத்தனாரைக் கூப்பிடுகிறோமே, அதில் பாதி ஒழுகலே அல்ல.

சரக்கு எதுவானாலும் தன்னைச் சுற்றியுள்ள காற்றோடு சமநிலை வரும்வரை ஈரத்தை வாங்கும் அல்லது கொடுக்கும். 70 சதவீத ஈரப்பதமுள்ள கிடங்கில் அரிசி 13, 14 சதவீத ஈரத்தில் போய் நிற்கும், அது பரவாயில்லை. அதற்கு மேல் நாள்கணக்கில் போனால் பூசணம் பூக்கத் தொடங்கும், வண்டும் பெருகும். சுத்தமான உப்பு 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் தண்ணீரை இழுக்கும். ஆனால் நாம் விற்கும் கல்லுப்பில் மெக்னீசியம் குளோரைடும் சிறிது கலந்திருப்பதால் அது அதற்கு முன்பே கசிய ஆரம்பித்துவிடுகிறது. சர்க்கரை 85 வரை தாக்குப்பிடிக்கும். வெல்லமோ, அதிலுள்ள குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் காரணமாக, வானம் கறுத்த உடனேயே வியர்க்கிறது.

விருதுநகரிலிருந்து மிளகாயும் மல்லியும், ஈரோட்டிலிருந்து மஞ்சளும் வரும்போது பெரும்பாலும் காய்ந்தே வருகின்றன. அவை உள்நாட்டு ஊர்கள். வெயிலும் வறண்ட காற்றும் அங்கே இலவசம். கடலோரக் கிடங்கில் இறக்கிச் சணல் சாக்கில் ஒரு மாதம் வைத்தால் எல்லாம் தலைகீழாகிவிடுகிறது. உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி முழு மிளகாயில் ஈரம் 11 சதவீதத்துக்கும், முழு மல்லியில் 9 சதவீதத்துக்கும், முழு மஞ்சளில் 12 சதவீதத்துக்கும் மேல் இருக்கக் கூடாது. மண்டிக்காரர் காய்ந்த சரக்குத்தான் அனுப்பினார். சட்டத்தை மீறியது நம் கிடங்கின் காற்று. ஆனால் மாதிரி எடுக்க வருகிற அதிகாரி காற்றின் மேல் வழக்குப் போட மாட்டார். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தில், தரக்குறைவான பொருளுக்கு 51ஆம் பிரிவின்படி 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. சுகாதாரக் கேடான நிலையில் வைத்து விற்றதற்கு விற்பவரே பொறுப்பு என்றும் அச்சட்டம் சொல்கிறது.

இந்த இடத்தில் ஒரு கசப்பான விஷயத்தையும் பேசித்தான் ஆக வேண்டும். “ஈரம் ஏறினால் எடை கூடுகிறது, அது நமக்கு லாபம்தானே?” என்று நம்மில் சிலர் தாழ்ந்த குரலில் சொல்வதுண்டு. 25 கிலோ மிளகாய் 11 சதவீதத்திலிருந்து 14 சதவீதத்துக்கு ஏறினால் முக்கால் கிலோவுக்குச் சற்று மேல் எடை கூடும் என்பது உண்மை. அந்த முக்கால் கிலோவுக்காக மூட்டை முழுவதையும் பணயம் வைக்கிறோம். ஈரமான மிளகாயிலும் நிலக்கடலையிலும் வளரும் ஒருவகைப் பூசணம் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. ஈரலைக் கெடுக்கும், புற்றுநோய்க்கும் வழிவகுக்கும் நஞ்சு அது. மசாலாப் பொருட்களில் ஒரு கிலோவுக்கு 30 மைக்ரோகிராமும், தானியங்களிலும் பருப்பு வகைகளிலும் 15 மைக்ரோகிராமும்தான் உச்சவரம்பு. கண்ணுக்குத் தெரியாத அளவு. பூசணத்தைத் தட்டிவிட்டு வெயிலில் காயப்போட்டால் பூசணம் போகும், நஞ்சு போகாது. வறுத்தாலும் முழுவதும் போகாது. நம் கடையில் வாங்கும் குடும்பம் அதைத்தான் குழம்பில் போடுகிறது. நம் வீட்டுக்கும் அதே மூட்டையிலிருந்துதான் போகிறது.

ஆகவே ஈரத்தை அடக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எதைக் கொண்டு, எவ்வளவு இடத்தில் என்பதுதான் கேள்வி.

ஏசி இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. வெயில் காலத்தில் ஏசியும் ஈரத்தை எடுக்கத்தான் செய்யும். ஆனால் அடைமழை நாளில் அறையே 25 டிகிரியில் இருக்கும்போது, அதற்குமேல் குளிர்விக்க வேலையில்லை என்று கம்ப்ரெஸர் நின்றுவிடும். ஈரம் அதிகமாக இருக்கும் நாளில்தான் அது ஓய்வெடுக்கிறது. போதாததற்கு, குளிர்ந்த அறையிலிருந்து மூட்டையை வெளியே எடுத்தால் அதன்மேல் உடனே வியர்க்கிறது. டீஹியூமிடிஃபையர் அப்படியல்ல. காற்றைக் குளிர்ந்த சுருளின் மேல் ஓட்டித் தண்ணீரைப் பிரித்து, அதே காற்றைச் சூடான சுருளின் மேல் ஓட்டித் திரும்ப அறைக்கே விடுகிறது. வெப்பத்தைப் பார்த்து ஓடாமல் ஈரத்தைப் பார்த்து ஓடுகிறது. அதுதான் வித்தியாசம்.

இனி, கட்டிடம் முழுவதற்குமான ஏற்பாட்டைப் பார்ப்போம். இது அமெரிக்காவில் உள்ளதுபோன்ற வீடுகளுக்காக உருவானது. அங்கே சன்னல்கள் இறுகச் சாத்தப்பட்டிருக்கும். குளிரூட்டுவதற்கும் சூடேற்றுவதற்கும் வீடு முழுவதும் காற்றுக் குழாய்கள் ஏற்கெனவே ஓடும். அந்தக் குழாயோடு இந்த இயந்திரத்தை இணைத்துவிடுகிறார்கள். நம் கடைகளில் காலை முதல் இரவு வரை ஷட்டர் தூக்கியே இருக்கிறது. மேலே வென்டிலேட்டர், பின்னால் முற்றம், மாடிப்படி வழியாக மொட்டைமாடி வரை காற்று ஓடுகிறது. இதை உலர்த்துவது கடலை இறைப்பது போன்ற வேலை.

கணக்கு இதோ. 30 அடி நீளம், 20 அடி அகலம், 12 அடி உயரமுள்ள ஒரு கிடங்கு, ஏறத்தாழ 204 கன மீட்டர். வெளியே 28 டிகிரியில் 85 சதவீதம். உள்ளே நமக்கு வேண்டியது 60 சதவீதம். கன மீட்டருக்கு 7 கிராம் தண்ணீரை எடுக்க வேண்டும். கிடங்கின் காற்று ஒருமுறை முழுவதும் மாறினால் 1.4 லிட்டர். கதவைச் சாத்தி இடுக்குகளை அடைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் காற்று மாறுகிறது என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 17 லிட்டர். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒன்றரை லிட்டர் எடுக்கும் இயந்திரம் என்றால் 11 அல்லது 12 யூனிட். வணிக இணைப்பில் யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று கொண்டால் நாளைக்கு 115 ரூபாய். மழைக்காலத்தின் 90 நாளுக்குப் பத்தாயிரத்துக்குச் சற்று மேல். இதே கிடங்கின் ஷட்டர் பத்து மணி நேரம் திறந்து கிடந்து, மணிக்கு ஐந்து முறை காற்று மாறினால்? 70 லிட்டர். செலவு நாலு மடங்கு. ஈரமும் குறையாது, ஏனென்றால் சாதாரண இயந்திரம் எதுவும் அத்தனை வேகத்தில் இறைக்காது. கிடங்குக்கே இப்படி என்றால் கட்டிடம் முழுவதற்கும் எப்படி என்பதை உறுப்பினர்களே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

பணத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. வண்டுக்காகக் கிடங்கில் மாத்திரை வைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்த அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து பாஸ்பின் என்ற வாயுவை விடுகிறது. வண்டைக் கொல்வது அதுதான், மனிதனையும் கொல்லும். தூங்கும் குழந்தைக்குத் தப்பிக்கத் தெரியாது. இந்த மாத்திரையை அனுமதி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தார்தான் கையாள வேண்டும் என்பது சட்டம். நடைமுறை என்ன என்பது நமக்கும் தெரியும், படிப்பவருக்கும் தெரியும். கிடங்கின் காற்றையும் படுக்கையறையின் காற்றையும் ஒரே குழாயில் இணைக்கும் எந்த ஏற்பாட்டையும், அது இலவசமாகவே வந்தாலும், நம் கட்டிடத்துக்குள் அனுமதிக்கக் கூடாது. பாஸ்பின் செம்பையும் அரிக்கும். ஆகவே தனி அறைக்கு வாங்கும் சிறு இயந்திரத்தையும் மருந்து வைக்கும் முன் வெளியே தூக்கி வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் செம்புச் சுருளும் மின்பலகையும் போய்விடும். இதை விற்பனைக்கு வருகிறவர் சொல்வதில்லை. அவருக்கு நம் தொழில் தெரியாது.

(மிளகாய்ப் பொடியின் நெடியும் கருவாட்டு வாசனையும் குழாய் வழியாக மாடி பூஜையறைக்குப் போகும் அழகை வீட்டம்மாக்கள் பார்த்துக்கொள்வார்கள், அதைப்பற்றி நாம் எழுத வேண்டியதில்லை.)

அப்படியானால் என்ன செய்யலாம்? முதலில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரமானி இரண்டு மூன்று வாங்குங்கள். ஒன்றைத் தரையோரம் சுவரை ஒட்டியும், ஒன்றை அட்டிகளுக்கு நடுவிலும், ஒன்றைக் கதவருகிலும் வையுங்கள். காலை கடை திறக்கும்போதும் இரவு அடைக்கும்போதும் பேரேட்டின் ஓரத்தில் எண்ணைக் குறித்து வையுங்கள். ஒரு மாதத்தில் உங்கள் கிடங்கின் ஜாதகமே தெரிந்துவிடும். சுவரோரம் மட்டும் எண் ஏறியிருந்தால் அது காற்றின் ஈரமல்ல, தரையிலிருந்து ஏறும் ஓதம். சுவரில் உவர் பூத்துச் சாந்து உதிர்ந்தால் சந்தேகமே வேண்டாம். ஓதம் ஏறும் சுவருக்கு இயந்திரம் வைப்பது, அடியில் ஊற்றெடுக்கும் கிணற்றை ஓயாமல் இறைப்பதுதான். அதற்குக் கொத்தனார்தான் வைத்தியர். சாந்தை உரித்து, ஓதம் தடுக்கும் பூச்சுக் கொடுத்த பிறகுதான் மற்றது.

மூட்டைகளைத் தரையில் போடாமல் பலகைச் சட்டத்தின் மேல், சுவரிலிருந்து இரண்டடி தள்ளி அட்டி போடுவது நம் பெரியவர்கள் கடைப்பிடித்த முறை. இடம் போதவில்லை என்று நாம்தான் கைவிட்டோம். காய்ந்து வந்த சரக்காக இருந்தால் கனமான பாலிதீன் உள்ளுறை போட்ட மூட்டைக்கு மாற்றி வாயை இறுகக் கட்டிவிட்டாலே மழைக்காலத்தில் பாதிப் பிரச்சினை தீரும். ஈரமாக வந்த சரக்கை அப்படிக் கட்டினால் உள்ளேயே புழுங்கிப் பூசணம் பிடிக்கும். பார்த்துச் செய்ய வேண்டும். கிடங்கில் எக்ஸாஸ்ட் விசிறி ஓட்டுவதற்கும் நேரம் காலம் உண்டு. ஆனி, ஆடியில் காலை நேரம் மேல்காற்று வறண்டு அடிக்கும்போது திறந்து ஓட்டலாம். பிற்பகலில் கடற்காற்று திரும்பியதும் நிறுத்திச் சாத்த வேண்டும். கொண்டல் அடிக்கும் ஐப்பசியில் விசிறியை ஓட்டுவது, வெளியே இருக்கும் ஈரத்தைக் கூலி கொடுத்து உள்ளே இழுப்பதாகும்.

இவ்வளவும் செய்த பிறகும் எண் 70க்கு மேல் நிற்கிறது, கையில் இருப்பதோ மிளகாய், மசாலாச் சாமான், முந்திரி, உலர்பழம், அப்பளம், பொடி வகைகள் என்றால் இயந்திரம் வாங்கலாம். கிடங்கின் ஒரு மூலையில் பத்துக்குப் பன்னிரண்டு அளவில் ஒரு தனி அறை போதும். சன்னலை அடைத்து, கதவுக்கு ரப்பர் பட்டை வைத்து, விலையுயர்ந்த சரக்கை மட்டும் அதில் வையுங்கள். மிளகாய் கிலோ 200 ரூபாய் என்று கொண்டாலும், மேலே சொன்ன பெரிய கிடங்குக்கான மூன்று மாத மின்செலவே இரண்டு மூட்டை மிளகாயின் விலைதான். சிறிய அறைக்கு அதில் ஒரு பகுதியே ஆகும். அரிசி, பருப்பு மட்டும் விற்பவருக்கு இது தேவையில்லை. சரக்கு வேகமாக நகர்ந்துவிடும், பலகையும் உள்ளுறையும் போதும். உப்பை எந்தக் காரணத்துக்காகவும் அந்த அறையில் வைக்காதீர்கள். எண்ணெயும் நெய்யும் வேண்டாம். காரணம், இந்த இயந்திரம் காற்றை உலர்த்தும்போது அறையைச் சூடாக்குகிறது. செலவாகும் மின்சாரம் அத்தனையும் வெப்பமாகிறது. நீராவி தண்ணீராகும்போது விடும் வெப்பமும் அதோடு சேர்கிறது. நாளைக்கு 17 லிட்டர் எடுக்கும் இயந்திரம், 1,000 வாட் அடுப்பு ஒன்று இரவு பகலாக எரிவதற்குச் சமமான வெப்பத்தை உள்ளே விடும். வெல்லத்தைக்கூட உள்ளுறை போட்டு வெளியே வைப்பதே மேல்.

விற்பவர் சொல்லும் லிட்டர் கணக்கையும் அப்படியே நம்ப வேண்டாம். ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்றால் அது 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரத்தில் அளந்தது. நமக்கு வேண்டிய 60 சதவீதத்தில் பிடித்து நிறுத்தும்போது ஏறத்தாழ அதில் பாதிதான் எடுக்கும். முதல் சில நாட்களில் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்து மலைக்கவும் வேண்டாம். 50 கிலோ மூட்டை நூறு இருந்தால், ஒரு சதவீதம் ஈரம் குறைந்தாலே 50 லிட்டர் தண்ணீர் வெளியே வரவேண்டும். மூட்டைகளே ஒரு குளம். சிறிய தொட்டி நள்ளிரவில் நிரம்பி இயந்திரம் நின்றுவிடும் என்பதால் குழாய் வைத்துச் சாக்கடைக்கு நேராக விட்டுவிடுங்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. மிளகாய்த் தூசியும் மாவுத் தூசியும் வடிகட்டியை அடைப்பதால் வாரம் ஒருமுறை கழுவ வேண்டும். அளவை 60க்குக் கீழே இறக்கவும் வேண்டாம். 40க்கு இறக்கினால் மிளகாய் நொறுங்கிக் காம்பும் விதையும் உதிரும், எடையும் வீணாகக் குறையும், மின்கட்டணமும் ஏறும்.

வெள்ளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நேரத்தில் நனைந்த சரக்கை எந்த இயந்திரமும் காப்பாற்றாது. அதை விற்கவும் கூடாது. ஆனால் தண்ணீர் வடிந்தபின் சுவரும் தரையும் காய வாரக்கணக்கில் ஆகிறதே, புதுச் சரக்கு இறக்க முடியாமல் கடை கிடக்கிறதே, அப்போது பெரிய இயந்திரம் உண்மையில் உதவும். வருடத்தில் சில வாரங்களுக்காக அதைத் தனி ஒரு கடைக்காரர் வாங்கி மூலையில் வைத்திருப்பது நியாயமல்ல. இங்கேதான் சங்கங்களுக்கு வேலை இருக்கிறது. ஊர்ச் சங்கம் ஒன்றுக்கு ஒரு பெரிய இயந்திரம், தானியத்துக்கும் மசாலாவுக்கும் ஈரம் பார்க்கும் கருவி ஒன்று, இவற்றைப் பொதுநிதியில் வாங்கி உறுப்பினர்களுக்குக் குறைந்த வாடகையில் கொடுக்கலாம். மண்டிக்காரர் காய்ந்த சரக்கு அனுப்பினாரா, ஈரமாகவே அனுப்பினாரா என்று ஆண்டுதோறும் எழும் வாய்ச்சண்டைக்கும் அந்தக் கருவி முடிவு கட்டும். லாரியிலிருந்து இறக்கும்போதே அளந்து, சீட்டில் எண்ணை எழுதி, இருதரப்பும் கையெழுத்துப் போட்டுவிடலாம்.

புரட்டாசிக்குள் இதைச் செய்தால்தான் இந்த மழைக்கு உதவும். கருவி வாங்க முன்வரும் ஊர்ச் சங்கங்கள் அடுத்த செயற்குழுவிலேயே தீர்மானத்தைக் கொண்டுவர வேண்டுகிறோம்.